அதை நீங்கள்தானே செய்தீர்கள்?

போன கிழமை கிளிநொச்சியில் வெளிக்கள உத்தியோகத்தர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை வைத்தோம். வந்தவர்கள் 9 பேர். அவர்களில் 7 பேர் தங்கள் வேலையையே தங்களுடையது என்று சொல்லத் தயங்கினார்கள். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அறிவியல்நகர் பல்கலைக்கழக வளாகத்தில் விவசாயம் படித்த ஒரு பிள்ளை. இறுதியாண்டு ஆய்வு, இரணைமடுக் குளத்தின் கீழான சிறுபோக, அதாவது மழை குறைந்த காலத்து, நெற்செய்கை பற்றியது. "ஏன் 40 கமக்காரர் மட்டும்?" என்று கேட்டேன். குரல் உள்ளே போய்விட்டது. "சேர்தான் அவ்வளவு போதும் என்றவர்." சரி, ஏன் எல்லாமே வாய்க்காலின் கடைசிப் பக்கத்து வயல்கள்? "குழுவாகத்தான் தெரிவு செய்தனாங்கள்." இதற்கு நான் என்ன புள்ளி போடுவது?

புள்ளித்தாளைக் கொடுத்த பிறகு வெளியே அவளோடு கதைத்தேன். சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை, குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் கமக்காரர் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கு அந்தத் தண்ணீரும் பிந்தித்தான் போகும். அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று தானே முடிவெடுத்து, சைக்கிளில் வீடு வீடாகப் போயிருக்கிறாள். படிவங்களின் ஓரத்தில் தண்ணீர் வந்த திகதியைப் பென்சிலால் குறித்திருந்தாள். உள்ளே ஏன் இதைச் சொல்லவில்லை என்றேன். "நான் நான் என்று சொன்னால் தலைக்கனம் என்று நினைப்பீங்கள் சேர்."

நினைக்க மாட்டோம். எத்தனை முறை சொன்னாலும் இது ஒருவர் மண்டையிலும் ஏறுவதில்லை. "நாங்கள்" என்று பேசுவது எங்கள் வீடுகளில் பழக்கிய பணிவு, நல்ல பழக்கம்தான். ஆனால் வேலை கிடைத்தால் மாங்குளத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் தனியே நிற்கப்போவது நீங்கள். அங்கே முடிவெடுக்கத் தெரியுமா என்றுதான் பார்க்கிறோம். "ஏன்" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் அதற்காகத்தான். குழு செய்ததைக் குழு செய்தது என்றே சொல்லுங்கள், கூடவே அதில் உங்கள் பங்கு என்ன என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொரு தம்பியின் அறிக்கையில் அட்டவணைக் கூட்டுத்தொகை பிழை. "அது டைப் பண்ணின கடைக்காரர் விட்ட பிழை" என்றார். "நான் சரிபார்க்கவில்லை" என்று சொல்லி, பேனையை எடுத்து அங்கேயே கூட்டிக் காட்டியிருந்தால் அவருக்கு என் புள்ளி கூடியிருக்கும்.

முதல்நாள் இரவு உங்கள் அறிக்கையை நீங்களே வாசியுங்கள். பக்கத்துக்கு ஒரு "ஏன்" கேளுங்கள். நீங்களே எடுத்த 3 முடிவுகளை அக்காவிடமோ நண்பனிடமோ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சேர் சொன்னபடி செய்தீர்களா? அது சரியென்று உங்களுக்கு ஏன் பட்டது என்று சொல்லுங்கள். பதற்றம் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், நாங்கள் காத்திருப்போம். செய்யாததைச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டாவது "ஏன்" கேட்கும்போதே பிடிபட்டுவிடும்.

அந்தப் பிள்ளையை அடுத்த முறையும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படிவங்களையும் கொண்டு வா, பென்சிலால் எழுதிய பக்கத்தை முதலில் மேசையில் வை என்றேன்.