அம்மாவுக்கு எதற்குத் தனி டம்ளர்?

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். புற்றுநோய் வந்தவர்களும் வீட்டாரும் மாதம் ஒரு சனிக்கிழமை காட்பாடியில் கூடும் ஆதரவுக் குழுவுக்கும் போவேன். போன கூட்டத்துக்குக் குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மார்பகப் புற்றுநோய், மூன்று கீமோ முடிந்திருந்தது. டீ ஊற்றும்போது பையிலிருந்து தன் டம்ளரை எடுத்து நீட்டினார். எவர்சில்வர் டம்ளர், விளிம்புக்குக் கீழே சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. "மத்தவங்களோடதுல கலந்துடக் கூடாதுன்னு மருமக வெச்ச அடையாளம்மா" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. இப்படி இன்னும் எத்தனை டம்ளரைப் பார்ப்பது?

புற்றுநோய் தொற்றாது. எச்சிலில் வராது, மூச்சில் வராது. ஒரே தட்டு, ஒரே சோப்பு, ஒரே பாய், எதிலும் வராது. வருடக்கணக்கில் இந்த நோயாளிகளுக்கு ஊசி போட்டு, வாந்தி துடைத்து, கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்கிறோம். தொற்றும் என்றால் முதலில் எங்களுக்கல்லவா வந்திருக்க வேண்டும்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வைரஸால் வருகிறதே என்பார்கள். சரி, அந்த எச்பிவி வைரஸ் உடலுறவில் பரவும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்குப் போடுங்கள். சோற்றுத் தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெஷினில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்துக்கொண்டு வந்தவர் உடம்பிலும் கதிர் தங்காது, பேரனைத் தாராளமாகத் தூக்கலாம். தைராய்டுக்குக் கதிர்வீச்சுள்ள அயோடின் மருந்து எடுத்தவர்கள் டாக்டர் சொல்லும் நாட்கள் வரை விலகி இருக்க வேண்டும்.

கீமோ முடிந்து இரண்டு நாள் வாந்தி, சிறுநீரைச் சுத்தம் செய்பவர் கையுறை போடுங்கள். அது மருந்துக்காக, நோய்க்காக அல்ல. உண்மையில் பயப்பட வேண்டியது நோயாளிக்காகத்தான். ரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது உங்கள் சளி, இருமல் அவருக்கு ஆபத்து. காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அன்று அந்த அம்மா பக்கத்தில், சிகிச்சை முடித்து முடி திரும்ப வளர்ந்த ஓர் ஆம்பூர்க்காரம்மா உட்கார்ந்தார். வாய்ப்புண்ணுக்கு உப்பும் ஆப்பசோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். அப்புறம் தன் தலையைக் குனிந்து, "தொட்டுப் பாரு" என்றார். நான் எவ்வளவு பேசியும் வராத சிரிப்பு அந்தம்மா முகத்தில் வந்தது.

அவரைக் கொண்டுவந்து விட்ட மகன் கடைசிவரை வெளியே டீக்கடையிலேயே நின்றார். தம்பி, அடுத்த மாதம் உள்ளே வாங்க. மனைவியையும் கூட்டிட்டு வாங்க.