இனிஷியல் மாறியது, கணக்கு முடங்கியது

கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். ஆதாரில் ஒன்று, பாஸ்புக்கில் மற்றொன்று. வங்கி கே.ஒய்.சி. (வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரம்) புதுப்பிக்கச் சொல்லும்போதுதான் இது தகராறாகிறது. கவுண்டரில் "ஆதாரை மாத்திட்டு வாங்கம்மா" என்பார்கள். ரிசர்வ் வங்கி விதி அவ்வளவு கறாரானதல்ல: பழைய பெயரிலுள்ள அடையாள அட்டையோடு அரசு தரும் திருமணச் சான்றிதழ் நகலோ, பெயர் மாற்ற அரசிதழ் அறிவிப்போ இருந்தால் போதும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். மண்டப ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் அந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது.

இன்னொரு சிக்கல் புகுந்த வீடு வந்தபின் தொடங்கும் இரண்டாவது கணக்கு. ஆதார் வழியாக அனுப்பப்படும் கூலியும் மானியமும் கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போய் விழும். "பணமே வரல" என்று அலைபவர்களில் பலருக்குப் பணம் வந்திருக்கும், வேறு பாஸ்புக்கில். மை ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும்.

வெளியூரில் வாடகைக்கு இருப்பவருக்கு முகவரிதான் தடை. ஆதார் இ-கே.ஒய்.சி. (ஆதாரை வைத்து மின்னணு முறையில் சரிபார்ப்பது) மூலம் கணக்கு தொடங்கினால், இப்போதைய முகவரியைச் சுய உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கலாம். வீட்டுக்காரரின் கரண்ட் பில்லுக்காகக் கெஞ்ச வேண்டாம். பான் இல்லையா? அதற்கான உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கேட்டு நிரப்பிக் கொடுக்கலாம். அடையாள அட்டையே இல்லாதவர்கூட வங்கி அதிகாரி முன் போட்டோவும் கையெழுத்தோ கைநாட்டோ கொடுத்துச் சிறு கணக்கு தொடங்கலாம். இருப்பு ரூ.50,000, ஆண்டு வரவு ரூ.1 லட்சம், மாதம் எடுப்பது ரூ.10,000 தாண்டக்கூடாது. ஆயுள் 12 மாதம். அதற்குள் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த சான்றைக் காட்டினால் இன்னும் 12 மாதம். இப்படியொன்று இருப்பதைக் கிளைகள் தாமாகச் சொல்வது அபூர்வம்.

சித்தாள், சலவைத் தொழிலாளி, பாத்திரம் தேய்ப்பவர் விரல்களில் ரேகை தேய்ந்துபோகும். விரல் ரேகை பார்த்துப் பணம் தரும் வங்கி முகவரின் கருவி மறுத்தால் கையைக் கழுவித் துடைத்து, வேறு விரலை வையுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் கிளைக்குப் போய் கைநாட்டு வைத்து எடுக்கலாம். கருவியில் பணம் கழிந்து கையில் வராமல்போனால் 5 நாளுக்குள் வங்கி திருப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. அன்றே பாஸ்புக் பதிவு போட்டு, எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விவரம் கேட்க 14448.