வெளிநாட்டு கேம் கன்சோலை பிளக்கில் சொருகும் முன்

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் யாராவது கன்சோல் வாங்கி வந்தால், பிளக்கைத் தேடுவதற்கு முன் அதைக் கவிழ்த்து அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். தனி அடாப்டர் இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும். 100-240 வோல்ட் என்றால் கவலையில்லை. 100-127 என்று இருந்தால் சொருகவே சொருகாதீர்கள்.

ஏன்? நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்கிறோம், ஆனால் ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) அலை ஏறி இறங்குகையில் உச்சியில் சுமார் 325 வோல்ட்டைத் தொடும், அமெரிக்காவின் 120க்கு அந்த உச்சி 170தான். பவர் சப்ளை முதலில் இந்த அலையை, ஒரே பக்கம் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடுகள் வழியே டிசியாக்கி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்), மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்புகிறது, அது உச்சி அளவுக்கே நிரம்பும். 200 வோல்ட் மட்டுமே தாங்கும் கெப்பாசிட்டரில் 325 ஏறினால் உள்ளே சூடாகி, வாயு சேர்ந்து, மேல்மூடி உப்பி வெடித்துவிடும். 240 வரை தாங்கும் சப்ளையில் 400, 450 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அப்புறம் அந்த டிசியை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்பார்மர் வழியே இறக்குவதால், 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது பிரச்சினையே இல்லை.

பிளேஸ்டேஷன் 4, நின்டெண்டோ ஸ்விட்ச் அடாப்டர் எல்லாம் 100-240 வகை. பழைய எக்ஸ்பாக்ஸ் 360க்கு வெளியே செங்கல் சைஸில் ஒரு சப்ளை உண்டே, அமெரிக்க மாடலில் அது 127 வோல்ட்டோடு சரி. அந்த மாடலுக்குப் பொருந்தும் 200-240 வோல்ட் சப்ளையை மாற்றினால் போதும், கன்சோலைத் தொட வேண்டாம். கடையில் விற்கும் டிராவல் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டேஜைக் குறைக்காது. குறைக்க ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதன் வாட்ஸ் கன்சோல் இழுப்பதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும்.

மின்சாரம் சரி, அடுத்தது மண்டலப் பூட்டுகள், அதாவது ஒரு பகுதியில் விற்றது வேறு பகுதி மெஷினில் ஓடாதபடி போடும் தடைகள். பிளேஸ்டேஷன் 4, 5 கேம் டிஸ்க் எந்த நாட்டுடையதானாலும் ஓடும். ஆனால் அமெரிக்க டிஸ்க் போட்டுவிட்டு இந்தியாவில் பதிவான பிளேஸ்டேஷன் கணக்கில் டிஎல்சி (கேமுக்கு ஆன்லைனில் வாங்கும் கூடுதல் பகுதிகள்) வாங்கினால் பெரும்பாலும் இரண்டும் ஒட்டாது, பணம் வீண். சினிமா டிஸ்க்குக்கு வேறு விதி: ப்ளூரேயில் இந்தியா சி மண்டலம், அமெரிக்காவும் ஜப்பானும் ஏ. இங்கே வாங்கிய மண்டலப் பூட்டுள்ள படம் அந்த நாட்டு மெஷினில் ஓடாது.

ஜப்பானிலிருந்து ஸ்விட்ச் 2 வரவழைப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள்: அங்கே 49,980 யென்னுக்கு விற்பனைக்கு வந்த மலிவுப் பதிப்பில் ஜப்பானிய மொழி மட்டும்தான், ஜப்பானில் பதிவான நின்டெண்டோ கணக்கைத் தவிர வேறெதையும் ஏற்காது. பலமொழிப் பதிப்பையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.