மெகலடான் யாருக்கு உறவு?

சுறாவின் உடலில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்புதான். செத்த பிறகு அது பெரும்பாலும் மட்கிவிடும், பல் மட்டும் மிஞ்சும். அழிந்துபோன சுறா எந்த வம்சம் என்பதைப் பல்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெகலடான் அப்படி அழிந்துபோன ஒரு ராட்சதச் சுறா. அதன் பெரிய பல் உள்ளங்கையை மறைக்கும். முக்கோண வடிவம், ஓரத்தில் பனைமட்டைக் கருக்கு போல நெருக்கமான வெட்டுகள். பெரும் வெள்ளைச் சுறாவின் பல்லிலும் கருக்கு உண்டு. அதனால் 19ஆம் நூற்றாண்டில் லூயி அகாசி என்ற இயற்கையியலாளர் இரண்டையும் கார்க்கரோடான் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார். அன்றைக்கு அது நியாயமான முடிவுதான்.

சரி, இரண்டு பற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வெள்ளைச் சுறாவின் கருக்கு பெரிது, ஒழுங்கற்றது. மெகலடானுடையது பொடிசு, சீரானது. மெகலடான் பல்லில் மேற்பகுதிக்கும் வேருக்கும் நடுவே கருத்த பட்டை ஒன்று ஓடுகிறது. வெள்ளைச் சுறாவிடம் அது இல்லை.

இன்னும் பழைய பாறைகளுக்குப் போனால் விஷயம் தெளிவாகிறது. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓட்டோடஸ் ஆப்லிகுவஸ் என்ற சுறா இருந்தது. மொராக்கோவின் பாஸ்பேட் சுரங்கங்களில் அதன் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஓரம் வழவழப்பு, இருபக்கமும் காது மாதிரி குட்டி முனைகள். ஓட்டோடஸ் என்றாலே கிரேக்கத்தில் ‘காதுப்பல்’தான். மெகலடான் வரை வந்த இந்த வம்சத்தில் முதலில் கருக்கு வந்தது, அப்புறம் காதுகள் சுருங்கின. அமெரிக்காவின் மேரிலாந்தில், கால்வர்ட் குன்றுகளில் கிடைத்த பற்களை அடுக்கிப் பார்த்தால், கடைசிக் காது மறையவே 1 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருப்பது தெரிகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: ஓர் இனம் இன்னொன்றாக மாறுவதைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது.

வெள்ளைச் சுறா வேறு வழியில் வந்தது. 1988இல் பெருவின் பாலைவனத்தில் 222 பற்களோடு ஒரு சுறாவின் தாடை கிடைத்தது. வயது ஏறக்குறைய 65 லட்சம் ஆண்டுகள். அந்தப் பற்களில் கருக்கு அரைகுறை. வழவழப்பான பல் கொண்ட ஹஸ்டாலிஸ் என்ற சுறாவுக்கும் வெள்ளைச் சுறாவுக்கும் இடைப்பட்ட நிலை அது.

ஆக, கருக்கு இரண்டு வம்சங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. பெரிய இரையின் சதையை அறுக்க அது வசதி. மெகலடானை இன்று பலரும் ஓட்டோடஸ் பேரினத்தில் வைக்கிறார்கள். சிலர் கார்க்கரோக்ளிஸ் என்ற தனிப் பேரினத்தையே இன்னும் பிடித்திருக்கிறார்கள். இத்தனை மெதுவாக நடந்த மாற்றத்தின் நடுவே எங்கே கோடு கிழிப்பது? எனக்கு ஓட்டோடஸ்தான் சரியென்று படுகிறது.