டாக்குமெண்டரின்னா ஆவணம் மட்டும் தானா?

2011 டிசம்பர் 30 அன்னிக்கு தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரைய கடந்துச்சே, அதுக்கப்புறம் ஒரு மாசம் கூட ஆகல, நாங்க நாலு பசங்க எங்க சாரோட சேர்ந்து கேமராவ தூக்கிட்டு கடலூர் கடலோரத்துல இருக்குற தேவனாம்பட்டினம் போனோம். சார் புதுச்சேரியில வகுப்பு எடுப்பாரு, லீவு கெடச்சா படம் எடுப்பாரு, ரெண்டுக்கும் நடுவுல தூங்குவாரான்னு எங்களுக்கு டவுட்டு. அங்க வலை பின்னிக்கிட்டு இருந்த ஒரு ஆயா கிட்ட போய் "ஆயா, ஒரு ஆவணப்படம் எடுக்கணும்"னு நான் ரொம்ப சுத்தமான தமிழ்ல சொன்னேன். ஆயா எதுவும் பேசாம உள்ள போய் ஒரு மஞ்சப்பைய எடுத்துட்டு வந்து ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, பேங்க் பாஸ்புக்குன்னு ஒவ்வொண்ணா மணல்ல பரப்பி வச்சு "பட்டா மட்டும் இல்ல தம்பி, அது சுனாமியிலயே போச்சு"ன்னு சொல்லிச்சு.

பசங்க சிரிச்சுட்டாங்க. சார் சிரிக்கல, கேமராவ ஆஃப் பண்ண சொல்லிட்டு ஆயா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் எடுத்து திரும்ப பைக்குள்ள வச்சாரு. நான் சொன்ன வார்த்தையில தப்பு எதுவும் இல்ல, ஆனா ஆயா புரிஞ்சுக்கிட்டதுலயும் தப்பு இல்ல. ஆவணம்னா காகிதம், கேக்க வந்தவன் கவர்மெண்ட்டு ஆளு, அவ்ளோதான்.

சரி, அந்த ஆவணம் எங்கேந்து வந்துச்சுன்னு பாத்தா கொஞ்சம் வேடிக்கையா இருக்கு. பட்டினப்பாலையில "வியல் ஆவணம்"னு வருது, அதுக்கு அகலமான கடைத்தெருன்னு அர்த்தம், காவிரிப்பூம்பட்டினத்து பஜார சொல்றாங்க, காகிதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த கடைத்தெரு ஆவணத்துக்கும் கடைன்னு அர்த்தம் வர்ற சமஸ்கிருத ஆபணத்துக்கும் உறவு இருக்குன்னு சொல்வாங்க. நாம இப்ப சொல்ற அடமானம், பத்திரம் வகை ஆவணம் வேற ஒண்ணு, அது நம்ம ஊரு பக்கத்துலயே ஒரு பெரிய கேஸ்ல வருது. சுந்தரருக்கு கல்யாணம் நடக்குற நேரத்துல ஒரு கெழவர் வந்து நீ எனக்கு அடிமை, உங்க தாத்தா எழுதி குடுத்த ஓலை என்கிட்ட இருக்குன்னு நிக்கிறாரே, சுந்தரர் அத புடுங்கி கிழிச்சதும் அது வெறும் படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ல இருக்குன்னு கூட்டிட்டு போறாரே, அந்த வழக்கு. திருவெண்ணெய்நல்லூர் இப்ப விழுப்புரம் மாவட்டம், ஆனா கடலூர தலைநகரா வச்சிருந்த பழைய தென்னாற்காட்டுல தான் இருந்துச்சு. ஜெராக்ஸுக்கும் ஒரிஜினலுக்கும் நடந்த மொத சண்டை இதுவாத்தான் இருக்கும்னு எங்க சார் சொல்வாரு. பெரியபுராணத்துல அந்த சபையில மூணு வகை சாட்சி பேசப்படுது: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அதாவது வழக்கமா நடந்துட்டு வர்றது, எழுத்துல இருக்குறது, பக்கத்துல இருந்து பாத்தவங்க சொல்றது. இத கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப டாக்குமெண்டரிக்கு வருவோம். இதுக்கு வேர் லத்தீன்ல இருக்குற டோசேரே, அதுக்கு அர்த்தம் சொல்லிக் குடுக்குறது. அதுலேந்து வந்த 'டாக்குமெண்டும்'ங்குற லத்தீன் வார்த்தைக்கு பாடம், முன்மாதிரி, எச்சரிக்கைன்னு அர்த்தம். எழுத்துச் சான்றுங்குற அர்த்தம் ரொம்ப பின்னாடி தான் கெட்டியா ஒட்டிக்கிச்சு. டாக்டருக்கும் இதே வேர் தான், டாக்டர்னா மொதல்ல ஊசி போடுறவர் இல்ல, பாடம் சொல்றவர். பிரெஞ்சுல டாக்குமெண்டேர்னு பயணப் படங்களுக்கு ஏற்கனவே ஒரு பேச்சு இருந்துச்சு. இங்கிலீஷ்ல அத நெலைக்க வச்சவர் ஸ்காட்லாந்துக்காரரு ஜான் கிரியர்சன், 1926ல அமெரிக்க இயக்குநர் ஃபிளாஹர்ட்டியோட 'மோனா' படத்துக்கு நியூயார்க்கு பேப்பர் ஒண்ணுல விமர்சனம் எழுதுறப்ப. அவரு ஒரு வாத்தியார் வீட்டு புள்ள. 1929ல அவரு எடுத்த 'டிரிஃப்டர்ஸ்' வடகடல்ல ஹெரிங் புடிக்க போறவங்கள பத்தினது (ஹெரிங் நம்ம மத்திக்கு ஒரு வகையில பங்காளி). 1939ல கனடாவோட தேசிய திரைப்பட வாரியத்துக்கு மொத தலைவரானாரு, கடைசி காலத்துல மான்ட்ரியல்ல மெக்கில் பல்கலைக்கழகத்துல பசங்களுக்கு வகுப்பு எடுத்தாரு. வார்த்தைய கொண்டாந்தவரே அந்த வார்த்தையோட வேருக்கு திரும்பி போன மாதிரி.

அந்த வாரியத்துல ஆரம்பத்துல சேந்த ஜேம்ஸ் பெவரிட்ஜ் பின்னாடி கனடாவுல யார்க் பல்கலைக்கழகத்துல சினிமா பாடம் சொன்னாரு, 1980கள்ல டெல்லி ஜாமியாவுல மாஸ் கம்யூனிகேஷன் மையம் உருவாகவும் கை குடுத்தாரு. அதே ஜாமியாவுல பாடம் எடுத்துக்கிட்டே ஷோஹினி கோஷ் 2002ல கொல்கத்தா சோனாகாச்சி பாலியல் தொழிலாளிங்கள பத்தி படம் எடுத்தாங்க. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துல பேராசிரியரா இருந்த அஞ்சலி மான்டெய்ரோவும் கே. பி. ஜெயசங்கரும் 2003ல எடுத்த 'நாதா', தாராவியில மத ஒற்றுமைக்காக ஓடுன ரெண்டு நண்பர்கள பத்தினது. இவங்களுக்கெல்லாம் படம் தனி, வகுப்பு தனின்னு பிரிக்க முடியுமான்னு எனக்கு தெரியல. ஆனா இங்க பிரிக்கிறாங்க. எங்க சார் வேல பாத்த எடத்துல ஆராய்ச்சி பேப்பர் போட்டா பாயிண்ட்டு, படம் எடுத்தா லீவுல கழிச்சுக்குவாங்க, ஒரு தடவ பதவி உயர்வு இண்டர்வியூவுல "இதெல்லாம் பொழுதுபோக்கு தானே"ன்னு கேட்டாங்களாம். என்ன சொல்றது.

தமிழ்ல என்ன சொல்றதுன்னு கேட்டா, தியேட்டர் காலத்துல மெயின் படத்துக்கு முன்னாடி மத்திய அரசோட ஃபிலிம்ஸ் டிவிஷன்காரங்க ஓட்டுன எல்லாத்துக்கும் ஒரே பேரு, நியூஸ் ரீலு, அது ஓடுறப்ப தான் ஜனங்க முறுக்கு வாங்க போவாங்க. செய்திப்படம்னு சொன்னாங்க, அது இன்னிக்கு வேற. விவரணப்படம்னு இலங்கைத் தமிழ்ல நல்லா பொழங்குது, ரேடியோவுல விவரணச் சித்திரம்னு நாமளும் கேட்டிருக்கோம், எடுத்துச் சொல்றதுங்குற வாசன அதுல இருக்கு, டோசேரேவுக்கு அது தான் கிட்டன்னு எனக்கு படுது. ஆனா ஆவணப்படம் ஊன்றிடுச்சு, அத இனிமே புடுங்க வேணாம், எழுதுறப்ப அதையே எழுதுங்க. பேசுறப்ப மட்டும் ஆளப் பாத்து பேசுங்க, பத்திர ஆபீஸ் வாசல்ல ஆவண எழுத்தர்னு போர்டு போட்டு உக்காந்திருக்குறவர கூட நம்ம ஜனங்க பத்திரம் எழுதுறவர்னு தானே கூப்புடுறாங்க.

அன்னிக்கு சாயங்காலம் சார் ஆயா கிட்ட வேற மாதிரி கேட்டாரு. "ஆயா, காகிதம் எதுவும் வேணாம், புயல் அன்னிக்கு ராத்திரி நீ பாத்தத சொல்லு, அது போதும்." அயலார் காட்சி! ஆயா வலைய கீழ வைக்காமலே முக்கா மணி நேரம் பேசிச்சு, என் பேட்டரி தீந்துடுச்சு, ஆயா நிறுத்தல.