செட்டில்மென்ட் பணத்தில் பிரான்சைஸ் கடை: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதற்கு முன்னும் பின்னும் வேறு பல கம்பெனிகளில் சத்தமில்லாமல் ஆட்குறைப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. சென்னையில் ஆடிட்டராக இருக்கும் என்னிடம் வருகிறவர்கள் எந்தக் கம்பெனியிலிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: “சார், செட்டில்மென்ட் வந்திருக்கு. ஒரு பிரான்சைஸ் எடுக்கலாம்னு இருக்கேன். அக்ரிமென்ட்டைப் பார்த்துச் சொல்லுங்க.” பிரான்சைஸ் என்றால், ஒரு பிராண்டுக்குப் பணம் கட்டி அதன் பெயரில் நாம் கடை நடத்துவது.

பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். வீட்டுக்கடன் பாதியில் நிற்கும், பிள்ளை பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ இருக்கும். இருபது வருடம் உழைத்ததற்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்த காயம் ஆறியிருக்காது. இனி யாரிடமும் கைகட்டி நிற்கக்கூடாது என்ற வேகம் எனக்குப் புரிகிறது. பிரான்சைஸ் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விற்பவர் கொடுக்கும் லாபக் கணக்கை நம்பி எடுக்காதீர்கள் என்றுதான் மன்றாடுகிறேன்.

டீ, ஸ்நாக்ஸ் கடை ஒன்றுக்காக ஒருவர் கொண்டுவந்த தாளை இங்கே தருகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். முதலீடு 25 லட்சம். மாத விற்பனை 6 லட்சம், அதாவது தினம் 20,000 ரூபாய். செலவில் சரக்கு 2,40,000, வாடகை 60,000, ஆள் சம்பளம் 90,000, கரண்ட் 25,000, ராயல்டி (பிராண்டுக்கு மாதாமாதம் விற்பனையில் கொடுக்கும் பங்கு) 5 சதவீதம் 30,000, இதர செலவு 15,000. மீதி 1,40,000 லாபம். “18 மாதத்தில் போட்ட பணம் கைக்கு வரும்” என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

முதலில் அந்த 6 லட்சத்தைப் பாருங்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் விலைக்குள்ளேயே 5 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. அதைக் கழித்தால் உங்கள் விற்பனை 5,71,000 சொச்சம்தான். அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். உணவகங்களுக்கு 2017 நவம்பர் முதல் இந்த 5 சதவீத வரி, உள்ளீட்டு வரி வரவு (வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாமல் வருகிறது. நீங்கள் ராயல்டிக்குக் கட்டும் 18 சதவீதம், கடை வாடகைக்குக் கட்டும் 18 சதவீதம், இன்டீரியர் பில்லில் வரும் வரி எதையும் திரும்ப எடுக்க முடியாது. கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யாதவராக இருந்தாலும் தப்பிக்க முடியாது. 2024 அக்டோபர் 10 முதல் அந்த 18 சதவீதத்தை, பதிவு செய்த வாடகைதாரரான நீங்களே கட்ட வேண்டும். அப்படியானால் 60,000 வாடகை 70,800 ஆகிறது. ஜி.எஸ்.டி. கழித்த விற்பனையில் கணக்கிட்டாலும் ராயல்டி, வரியோடு 33,700 ஆகிறது.

ஆன்லைன் ஆர்டர் கமிஷன் அந்தத் தாளில் இல்லவே இல்லை. மாதம் ஒன்றரை லட்சத்துக்கு ஆப் வழியாக விற்று, கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தால் வரியோடு 44,250 போய்விடும். எல்லாம் கழித்தபின் நின்றது 52,600 ரூபாய்.

இன்னும் முடியவில்லை. அந்த 25 லட்சத்தில் 5 லட்சம் பிரான்சைஸ் ஃபீ, 13 லட்சம் இன்டீரியர். இரண்டும் திரும்பாது. ஒப்பந்தம் 5 வருடம் என்பதால் மாதத்துக்கு 30,000 கரைகிறது. அதே 25 லட்சம் வங்கியில் 7 சதவீதத்தில் கிடந்திருந்தால் மாதம் 14,500 வந்திருக்கும். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 8,000 சொச்சம். காலை ஐந்தரைக்குக் கடை திறந்து இரவு பத்தரைக்குக் கல்லா எண்ணி மூடுகிறவருக்கு அதுதான் சம்பளம். அதுவும் தினம் 20,000 ரூபாய் வியாபாரம் தவறாமல் நடந்தால். அவர் நீண்ட நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இந்த வரியெல்லாம் அவங்க சொல்லவே இல்லையே சார்” என்றார்.

சொல்ல வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், பணம் வாங்குவதற்கோ கையெழுத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்பே, 23 தலைப்புகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தைத் தந்தாக வேண்டும். எத்தனை கடை மூடப்பட்டது, என்ன வழக்கு நடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். இங்கே 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், வர்த்தகச் சின்னச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்கள்தான் துணை. அதனால் தோண்டுகிற வேலை உங்களுடையது.

விற்பவர் பதிவுபெற்ற கம்பெனி என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கலாம். அதில் வருமானம் எதிலிருந்து வருகிறது என்று தேடுங்கள். ராயல்டியைவிட புதுக் கடைகளின் ஃபீயே அதிகம் என்றால், உங்கள் கடை ஓடுவதைவிட அடுத்த ஆள் கையெழுத்துப் போடுவதுதான் அவர்களுக்கு முக்கியம். பிராண்டின் பெயர் பதிவாகியிருக்கிறதா, வெறும் விண்ணப்ப நிலையில் இருக்கிறதா என்று வர்த்தகச் சின்னப் பதிவகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சின்னங்களைத் தொழில்வாரியாகப் பிரித்திருக்கும் வகுப்புகளில் உணவகத்துக்கு 43-ஆம் வகுப்பு. பிறகு அவர்கள் அறிமுகப்படுத்தும் கடைக்காரர்களோடு நிறுத்தாமல், மூடிப்போன கடைக்காரரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். பழைய கடை இருந்த இடத்தில் பக்கத்துக் கடையில் கேட்டாலே நம்பர் கிடைக்கும்.

பெரிய வெளிநாட்டுப் பெயர்களில் ஆசை வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் டோமினோஸ் கடைகளை ஜூபிலன்ட் ஃபுட்வொர்க்ஸ் நடத்துகிறது. தென்னிந்தியாவில் மெக்டொனால்ட்ஸ், வெஸ்ட்லைஃப் குழுமத்தின் கையில். ஸ்டார்பக்ஸ், டாடாவுடனான கூட்டு நிறுவனம். தனிநபருக்கு இந்தக் கடைகள் கிடைக்காது. அந்தப் பெயர்களில் “உங்கள் ஊருக்கு ஒதுக்கீடு ஆகிவிட்டது, பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்” என்று வரும் அழைப்பு மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

“நீங்கள் கடைக்கு வரவே வேண்டாம், நாங்களே நடத்தி மாதம் இவ்வளவு தருகிறோம்” என்ற திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்த உத்தரவாதத்தின் மதிப்பு, கொடுக்கும் கம்பெனியின் கையிருப்பு எவ்வளவோ அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது தேதிகளை. பிரான்சைஸ் 5 வருடம், கடை வாடகை ஒப்பந்தம் 3 வருடம் என்றால் நாலாம் வருடம் வாடகையை ஏற்றவோ காலி செய்யச் சொல்லவோ கட்டட உரிமையாளருக்கு முழு பலம் இருக்கும். இன்டீரியர் செலவு உங்கள் தலையில். சுற்றுவட்டாரத்தில் வேறு கடை தரமாட்டோம் என்றால், அதே பகுதிக்கு ஆப் வழியாக டெலிவரி செய்யும் கிச்சனும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சரக்கை அவர்களிடமே வாங்க வேண்டும் என்றால் விலையேற்றத்துக்கு வரம்பு வேண்டும். தகராறு வந்தால் நடுவர் விசாரணை டெல்லியில் என்று இருந்தால் சென்னைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்தபின்னும் இதே தொழிலைச் செய்யக்கூடாது என்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி பொதுவாக நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் அது உங்களைக் கட்டும். பாதுகாப்புக்கு என்று கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்து நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தாம்பரம் பக்கம் ஒரு தம்பதி, ரத்தப் பரிசோதனை மாதிரி சேகரிக்கும் மையம் எடுத்தார்கள். முதலீடு குறைவு, சரக்குத் தேக்கம் கிடையாது. முக்கியமாக, பணம் கட்டும் முன் அவர்களில் ஒருவர் வேறொரு மையத்தில் ஒரு மாதம் தினமும் காலையில் போய் நின்று, எத்தனை பேர் வருகிறார்கள், எந்த டாக்டர் சீட்டு வருகிறது என்று பார்த்தார். சம்பளம் வாங்காமல் செய்த அந்த ஒரு மாத வேலையை எல்லோரையும் செய்யச் சொல்கிறேன். கம்பெனி அனுமதிக்கவில்லை என்றால், எதிர்க்கடையில் உட்கார்ந்து பில் போடுகிறவர்களை எண்ணுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு வருடக் குடும்பச் செலவும் வீட்டுக்கடன் தவணையும் தனியே நிற்கட்டும். வேலையோடு கம்பெனி மருத்துவக் காப்பீடும் போய்விட்டது என்பதை மறந்துவிடாதீர்கள். அதற்குப் புது பாலிசி முதல் செலவு. பி.எஃப். பணம் 2024-25-இல் 8.25 சதவீத வட்டி பெற்றது. அதைக் கடைசியாகத் தொடுங்கள். மீதி போதாமல் வங்கிக் கடன் வாங்கினால், வேலையில் இருக்கும் மனைவியையோ கணவரையோ ஜாமீன் கையெழுத்துக் கேட்பார்கள். கடை மூடினாலும் அந்தக் கடன் அவர் சம்பளத்தைத் தேடி வரும் என்பதை, பேப்பரை நீட்டும் முன் அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.