பகடை மேசையும் பேங்க் மெசேஜும்

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் ஆபீஸ் காபி மெஷினுக்கு ஓய்வே கிடையாது. நியூ ஜெர்சியில் வருமான வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். வருகிறவர்களில் பாதிப்பேர் நம் ஊர் ஐடிக்காரர்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) சம்பளச் சான்று, பேங்க் வட்டித் தாள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, நான்காக மடித்த ஒரு தாளைக் கடைசியாக எடுத்தார். அட்லாண்டிக் சிட்டியில் ஒரு கேசினோ அவருக்குத் தந்த வருடக் கணக்கு. ஏழு தடவை போயிருக்கிறார். இரண்டு தடவை ஜெயித்தது 2,100 டாலர். ஐந்து தடவை விட்டது 11,500.

“நிகர நஷ்டம் 9,400 வருதுண்ணா. வரியில கழிச்சுக்கலாமா?”

வரி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். என்ன ஆடினீங்க தம்பி என்று கேட்டேன்.

“கிராப்ஸ் மட்டும்தான். ஸ்லாட் மெஷினையெல்லாம் தொடவே மாட்டேன். கிராப்ஸ்லதான் கேசினோவுக்கு லாபம் ரொம்பக் கம்மி.”

அவர் சொன்னது பொய்யில்லை. கிராப்ஸில் இரண்டு பகடைகளை உருட்டுவார்கள். முதல் வீச்சில் 7 அல்லது 11 விழுந்தால் ‘பாஸ் லைன்’ என்ற அடிப்படைப் பந்தயக் கட்டத்தில் பணம் வைத்தவருக்கு ஜெயம். 2, 3, 12 விழுந்தால் தோல்வி. வேறு எண் விழுந்தால் அதுதான் ‘பாயின்ட்’. 7 வருவதற்குள் அந்த எண் திரும்ப விழ வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 495 ஆட்டத்துக்கு 244 ஜெயம், 251 தோல்வி. பந்தயப் பணத்தில் கேசினோவின் பங்கு சராசரியாக 1.41 சதவீதம். மணிக்கு முப்பது ஆட்டம் முடியும் என்று வைத்துக்கொண்டால், 15 டாலர் பந்தயத்தில் சராசரி நஷ்டம் மணிக்கு ஆறரை டாலர்கூட வராது. அவர் ஏழு தடவையும் ஆறு ஆறு மணி நேரம் நின்றிருந்தாலும் 270 டாலருக்குள்தான் கணக்கு. நேரம் சரியில்லை என்று இன்னும் ஓர் ஆயிரம் சேர்த்துக்கொள்ளுங்கள். 9,400 எப்படி வந்தது?

போனில் பேங்க் அனுப்பிய மெசேஜ்களைக் காட்டச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை. இரவு 9:10க்கு ஏடிஎம்மில் 300. 10:40க்கு 300. 11:25க்கு 500. 11:50க்கு 500. 12:05க்கு கிரெடிட் கார்டிலிருந்து ரொக்கமாக 800. இடைவெளி சுருங்கச் சுருங்கத் தொகை பெருகுகிறது. கார்டில் ரொக்கம் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வட்டியும் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும்.

“தோத்தா அடுத்த ஆட்டத்துல ரெட்டிப்பா வைப்பேன். ஒரு தடவை ஜெயிச்சா விட்டது எல்லாம் வந்துரும்ல?”

இந்த யோசனை தலைக்குள் உதிக்காத ஆளே இல்லை. 15, 30, 60, 120, 240, 480. ஆறு முறை தொடர்ந்து தோற்றால் 945 டாலர் காலி. ஏழாவதுக்கு 960 வேண்டும், அதுவும் மேசையின் உச்சவரம்பு விட்டால். அந்த 960ஐ வைத்து ஜெயித்தாலும் கடைசியில் கையில் நிற்கும் லாபம் 15 டாலர். தொடர்ந்து ஆறு தோல்வி என்பது 59இல் ஒன்று. அபூர்வம்போலத் தெரியும். நான்கு மணி நேரம் நின்றால் கிட்டத்தட்ட 120 ஆட்டம்; அதற்குள் ஒரு தடவையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல். அந்தச் சனிக்கிழமை 11:25 மணி மெசேஜ் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. மேசையின் நடுவில், வளைந்த குச்சியோடு நிற்கும் டீலருக்கு முன்னால், சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். அடுத்த வீச்சிலேயே 7 விழும் என்று பந்தயம் கட்டினால் ஒன்றுக்கு நான்கு தருவார்கள். நியாயமாகத் தர வேண்டியது ஐந்து. கேசினோவின் பங்கு 16.67 சதவீதம். நம்மவர் அங்கே “சும்மா ஒரு அஞ்சு டாலர்” வீசிக்கொண்டே இருந்திருக்கிறார். மணிக்கு நூறு வீச்சு நடந்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து டாலர் வைத்தால் சராசரி நஷ்டம் 83 டாலர். அதே மேசை, அதே பகடை, அங்கே ஆறரை, இங்கே 83. இரட்டை இரண்டு, இரட்டை ஐந்து விழும் என்று கட்டுவது 11 சதவீதம். 6, 8 எண்களில் நேரடியாகக் கட்டும் ‘பிளேஸ்’ பந்தயம் 1.52 சதவீதம்தான், அதோடு நின்றுகொள்வதானால் நான் குறுக்கே வர மாட்டேன்.

பாயின்ட் விழுந்த பிறகு பாஸ் லைனுக்குப் பின்னால் வைக்கும் ‘ஆட்ஸ்’ பந்தயத்தில் கேசினோவுக்குப் பங்கே கிடையாது. கிராப்ஸ் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். சரிதான். ஆனால் 200 டாலரோடு போனவர் 15க்குப் பின்னால் 75 வைத்தால், இரண்டு தடவை பாயின்ட்டுக்கு முன்னால் 7 விழுந்தாலே 180 போச்சு. பங்கில்லாத பந்தயத்திலும் பர்ஸ் காலியாகும்.

என் பாட்டி தாயக்கட்டையை உள்ளங்கையில் தேய்த்து, “தாயம் போடுடீ” என்று அதட்டித்தான் உருட்டுவாள். விழும். விழாத தடவைகளை நாங்கள் யாரும் எண்ணியதில்லை. கிராப்ஸ் மேசையில் ஆட்கள் பகடையை ஊதுவதைப் பார்க்கும்போது அவள் நினைவுதான் வரும். 2009இல் அட்லாண்டிக் சிட்டியின் போர்கேட்டா கேசினோவில் ஒரு பெண்மணி, பாயின்ட்டுக்கு முன்னால் 7 விழுந்து பகடையைக் கைமாற்ற நேராமல் 154 முறை உருட்டினார்; நான்கு மணி நேரத்துக்கும் மேல். அந்தக் கதையை இன்றைக்கும் சொல்கிறார்கள். சராசரியாக ஒருவர் கையில் பகடை நிற்பது எட்டு, ஒன்பது வீச்சு. அதைக் கதையாகச் சொல்ல ஆளில்லை.

அப்புறம் அந்த இலவச அறை. “ரூம் ஃப்ரீயாத்தாண்ணா குடுத்தாங்க.” கேசினோ கார்டை டீலரிடம் கொடுத்ததும், நீங்கள் எவ்வளவு வைக்கிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். உங்களிடம் சராசரியாக எவ்வளவு வரும் என்று அதிலிருந்து கணக்குப் போட்டு, அதில் ஒரு பகுதியைத்தான் அறையாகவும் சாப்பாடாகவும் திருப்பித் தருகிறார்கள். நம் பட்ஜெட்டை நம்மைவிடத் துல்லியமாகப் போடுவது அவர்கள்தான்.

போகவே கூடாது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மச்சானோடு நானே இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். இழந்தால் வலிக்காத தொகையைக் கவரில் போட்டுக்கொள்வேன். ஏடிஎம் கார்டும் கிரெடிட் கார்டும் வீட்டம்மாவிடம் இருக்கும். மனதுக்குள் “இருநூறோடு நிறுத்திடணும்” என்று போடும் கோடு இரவு பதினொரு மணிக்கு அழிந்துவிடும். கார்டு கையில் இல்லாவிட்டால் அழிக்க வழியில்லை. போனில் இரண்டு மணி நேர அலாரம். பச்சை சிப்பு ஒன்று 25 டாலர், கறுப்பு 100. கையில் எடுக்கும்போது அந்த எண்ணை முணுமுணுத்துக்கொள்வேன், மச்சான் சிரிப்பான். இதனாலெல்லாம் ஜெயிக்கும் வாய்ப்பு ஒரு துளியும் கூடிவிடாது. நஷ்டத்துக்கு ஒரு தரை கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் நள்ளிரவில் கார்டில் ரொக்கம் எடுப்பவருக்குக் கவர் யோசனை போதாது. 1-800-426-2537 என்ற சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண்ணை என் விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். என்னை உள்ளே விடாதீர்கள் என்று நாமே பெயர் கொடுக்கும் பட்டியலும் நியூ ஜெர்சியில் இருக்கிறது. ஓராண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ கொடுக்கலாம்.

சரி, வரி. ஃபெடரல் (மத்திய அரசு) வரியில் சூதாட்ட நஷ்டத்தை அந்த வருடம் ஜெயித்த தொகை வரைக்கும்தான் கழிக்க முடியும். அதுவும் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுகிறவர்களுக்கு மட்டும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதம்தான் கணக்கில் வரும். நம்மவர் வாடகை வீட்டில் குடியிருப்பவர், வீட்டுக்கடன் வட்டி என்று தனியாகக் காட்ட எதுவும் இல்லை. எல்லோருக்கும் பொதுவான நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) எடுப்பதுதான் அவருக்கு லாபம். ஆகவே ஃபெடரல் வரியில் விட்ட 11,500இல் ஒரு டாலரும் கழியாது. ஜெயித்த 2,100 மட்டும் வருமானம். அதற்கு வரி.

“அது ரிட்டர்ன்ல தனியா தெரியுமாண்ணா?”

“தெரியும். சூதாட்டம்னே ஃபாரத்துல தனி லைன் இருக்கு.”

“அவளும் பார்ப்பாளா?”

“கூட்டு ரிட்டர்ன் தம்பி. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.”

தாளைப் பழையபடி நான்காக மடித்தார். காபி ஆறிப்போயிருந்தது. நாளைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வரலாமா, எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார். பத்தரைக்கு வாங்க என்றேன்.